எம்-புக் பிளாக்செயினில் ஏறிய பிறகு: எது நிற்கிறது, எது சறுக்குகிறது

திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் மண்ணில் வேலை எடுப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். வரைபடத்தில் 3.5 மீட்டர் என்று போட்ட பைல் (தரைக்குள் இறக்கும் அஸ்திவாரத் தூண்), 4.5 மீட்டர் இறங்கிய பிறகுதான் கெட்டித்தரை தட்டும். அந்த ஒரு மீட்டரை யார் சொல்லித் தோண்டியது, எந்தத் தேதியில், என்ன ரேட்டில் என்பதில்தான் கடைசி பில்லில் சண்டை வரும். வேலையின் அளவுகளைக் குறிக்கும் எம்-புக்கை (அளவுப் புத்தகம்) இப்போது பிளாக்செயினில், அதாவது எல்லாத் தரப்பின் கணினியிலும் ஒரே நகல் இருப்பதால் பிறகு யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாத பதிவேட்டில், ஏற்றுகிறார்கள். அது உண்மையாகக் கைகொடுப்பது ஒப்பந்தத்தில் இல்லாத இந்த எக்ஸ்ட்ரா ஐட்டத்தில்தான். மற்ற கணக்கையெல்லாம் ஒழுங்காக வைத்த எக்செல் தாளே பார்த்துக்கொள்ளும்.

உரிமையாளர், ஒப்பந்ததாரர், ஆலோசனைப் பொறியாளர் என்று மூன்று தரப்பு மட்டும் நுழையக்கூடிய ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற பிளாக்செயின் மென்பொருள் போதும். தன் ரேட்டை ஊரே பார்க்கும் பொதுப் பிளாக்செயின் சங்கிலியில் ஏற்ற எந்த ஒப்பந்ததாரரும் சம்மதிக்க மாட்டார். இங்கே பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஃபேப்ரிக்கில் எண்டார்ஸ்மெண்ட் (பதிவுக்கான ஒப்பம்) என்பது அந்தத் தரப்பின் கணினி தருவது. பொறியாளர் டேப்பைப் பிடித்துப் பார்த்து ஒப்பினார் என்று அதற்குப் பொருள் இல்லை. மனித ஒப்புதலைத் தனிப் பதிவாக ஸ்மார்ட் காண்ட்ராக்டுக்குள் (சங்கிலியில் ஓடும் விதி நிரலுக்குள்) எழுத வேண்டும். எக்ஸ்ட்ரா ஐட்டத்துக்கு மூவரும் ஒப்ப வேண்டும். ரன்னிங் பில் (வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்) அளவுக்குப் பொறியாளரும் ஒப்பந்ததாரரும் போதும். எல்லாவற்றுக்கும் மூவர் என்று வைத்தால், உரிமையாளர் வெளியூர் போகிற வாரம் பில் நின்றுவிடும், சனிக்கிழமைக் கூலிக்கு மேஸ்திரி கையில் காசிருக்காது.

இந்த நிரலை எழுதும்போதே கவனிக்க வேண்டியவை: தொகையைப் பைசாவாகவும் நீளத்தை மில்லிமீட்டராகவும் முழு எண்ணில் வையுங்கள், தசம எண்ணில் வைத்தால் ரவுண்டிங் பிழை பில்லுக்குப் பில் சேரும். நேரத்தைக் கணினிக் கடிகாரத்தில் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு விடை தர, பதிவு நிராகரிக்கப்படும். பரிவர்த்தனையின் நேர முத்திரையையே எடுக்க வேண்டும். ஒரு பில்லை ஒரே பதிவாக வைத்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் அளவு ஏற்றும்போது ஒருவருடையது தள்ளுபடியாகும். ஒவ்வோர் அளவுக்கும் தனி எண் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஓராண்டு கழித்து வரும் சிக்கல் வேறு. ஃபேப்ரிக் சி.ஏ. (டிஜிட்டல் அடையாளச் சான்றிதழ் வழங்கும் பகுதி) இயல்பாகத் தரும் சான்றிதழின் ஆயுள் ஓராண்டு. பதிவுகளை வரிசைப்படுத்தும் ஆர்டரர் கணினிகளின் சான்றிதழ்கள் காலாவதியானால் அவை ஒன்றோடொன்று பேசாது, புதிய பதிவு எதுவும் ஏறாது. கட்டட வேலை ஓராண்டில் முடிவது அபூர்வம். எனவே புதுப்பிக்கும் தேதியை வேலை அட்டவணையிலேயே போட்டு வையுங்கள். ஆர்டரர் மூன்று வைத்தால் ஒன்று படுத்தாலும் வேலை ஓடும்.

வரைபடமும் படமும் சங்கிலியில் ஏறாது. அவற்றின் ஷா-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு; கோப்பு சற்று மாறினாலும் இது மாறிவிடும்) மட்டுமே ஏறும். சைட்டில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி ஹாஷ் மாறிவிடும். டாகுமெண்டாக அனுப்ப வேண்டும். பிடிஎஃப்பைத் திறந்து மறுபடி சேமித்தாலும் இதே கதைதான். கம்பி இடைவெளி 150 மில்லிமீட்டர் என்று ஏற்றிவிட்டு 200 வைத்துக் கட்டியிருந்தால் சங்கிலிக்கு அது தெரியாது. காங்கிரீட் போடும் முன் டேப் வைத்து எடுத்த படமும், இருவர் ஒப்புதலும் அன்றே ஏறினால்தான் அதற்கு மதிப்பு.

ஸ்லாப் பில்லை முழுதாக 28 நாள் க்யூப் (காங்கிரீட் கட்டியின் வலுச் சோதனை) முடிவோடு பிணைத்துவிடாதீர்கள். பெரும்பகுதியை அளவு ஒப்பியதும் விடுவித்து, ஒரு பகுதியை மட்டும் அறிக்கை வரும்வரை நிறுத்தலாம். பணம் வங்கி வழியாகத்தான் போகும். அதன் யுடிஆர் எண் (வங்கிப் பரிமாற்ற எண்) சங்கிலியில் பதிவாகும்.

வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குத் தரும் சான்றிதழில் ஹாஷையும் குறிப்பிட வேண்டும். முத்திரைத்தாள் ஒப்பந்தமும் இருக்கட்டும்; அதற்கும் சங்கிலிப் பதிவுக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்று அதில் ஒரு ஷரத்து வேண்டும். கட்டடத்தை ஒப்படைத்த அன்றே சர்வரை நிறுத்திவிடுகிறார்கள். குறைநிவர்த்திக் காலம் (ஒப்படைத்த பிறகு தெரியும் குறைகளை ஒப்பந்ததாரர் சரிசெய்யும் காலம்) முடிந்து, பில்லில் பிடித்து வைத்த தொகையைத் திருப்பிய யுடிஆர் ஏறும்வரை அது ஓட வேண்டும். அந்த மாதங்களுக்கான வாடகையை யார் கட்டுவது என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.