கிளார்க்கா, பெக்கர்ஸா? ஹட்டனில் ஓயாத ஒரு வாக்குவாதம்

2024 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் அது வெள்ளி இரவு. இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நான் வார இறுதிகளில் கூடைப்பந்து பழக்கும் பிள்ளைகள் ஏழு பேர் ஒரே போனைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அயோவா, கனெக்டிகட் பல்கலைக்கழகங்களுக்கு இடையே அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அரையிறுதி. அயோவா 71-69 என்று தப்பிப் பிழைத்தது. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 21 புள்ளி, கனெக்டிகட்டின் பேஜ் பெக்கர்ஸ் 17. யார் பெரிய ஆட்டக்காரி என்று அன்றைக்குத் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் என் கணக்கை எழுதி வைக்கிறேன்.

செய்து காட்டியதை மட்டும் பார்த்தால் கிளார்க்தான். கல்லூரியில் 139 ஆட்டம், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. மொத்தம் 3,951 புள்ளிகள். பீட் மராவிச் வைத்திருந்த 3,667 என்ற ஆண்கள் சாதனையையும் 2024 மார்ச்சில் தாண்டிவிட்டார். கடைசிப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 31.6 புள்ளி, அதோடு கிட்டத்தட்ட ஒன்பது அசிஸ்ட் (கூட ஆடுகிறவள் கூடையில் போட வழிசெய்த பாஸ்). இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்தே எறிகிறவர் என்பதால் காவல் நிற்பவள் அங்கேயே ஓடிவர வேண்டியிருக்கிறது. அவள் வந்ததும் பின்னால் இடம் திறக்கிறது, பந்து அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. 2023 காலிறுதியில் லூயிவிலுக்கு எதிராக 41 புள்ளி, 12 அசிஸ்ட், 10 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தது இப்படித்தான். ஆனால் ஓர் ஆட்டத்தில் நாலைந்து தடவை பந்தைப் பறிகொடுப்பார். இரண்டு இறுதிப் போட்டிக்கு அயோவாவைக் கொண்டுபோனார், இரண்டிலும் தோல்வி.

பெக்கர்ஸின் கணக்கு இவ்வளவு பளபளப்பாக இல்லை. 2,439 புள்ளிகள். முதல் வருடத்திலேயே நாட்டின் சிறந்த வீராங்கனை விருது, அதுவரை எந்த முதலாம் ஆண்டு மாணவிக்கும் கிடைக்காதது. அப்புறம் முழங்கால். 2021 டிசம்பரில் ஒரு முறிவு, 2022 ஆகஸ்டில் தசைநார் கிழிவு, ஒரு பருவம் முழுக்க வெளியே. திரும்பி வந்து 2025 இறுதிப் போட்டியில் தென் கரோலினாப் பல்கலைக்கழக அணியை 82-59 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தது 17 புள்ளி. அணியில் இரண்டு பேர் ஆளுக்கு 24 எடுத்தார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். அதே தொடரில் ஓக்லஹோமாவுக்கு எதிராக 40 எடுத்தவர் அவர். இறுதியில் தேவைப்பட்டது வேறு என்று தெரிந்து வேறு மாதிரி ஆடினார்.

இரண்டு பேரும் கல்லூரியில் நேருக்கு நேர் ஆடியது இரண்டே தடவை. 2021இல் பெக்கர்ஸ் பக்கம் 92-72, 2024இல் கிளார்க் பக்கம். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

எங்கள் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால்தான் எனக்கு விடை கிடைக்கிறது. இவர்கள் எல்லோரும் வலைப்பந்திலிருந்து வந்தவர்கள். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, மூன்று விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். அதனால் பந்து கையில் இல்லாதபோது எங்கே போய் நிற்பது என்று இவர்களுக்குத் தானாகவே தெரியும். வளையத்தின் உயரமும் இரண்டு விளையாட்டிலும் ஒன்றுதான், 3.05 மீற்றர். பெக்கர்ஸின் ஆட்டம் இவர்களுக்குப் பழக்கமான வீடு மாதிரி: வெட்டி ஓடு, வாங்கு, இரண்டு அடி வை, நில், எறி. கல்லூரிக் காலம் முழுவதும் எறிந்ததில் பாதிக்கு மேல் கூடையில் விழுந்தது. 'கார்ட்' இடத்தில், அதாவது வெளியே நின்று பந்தை நகர்த்தி ஆடும் ஒருத்திக்கு அது அபூர்வம். கிளார்க்கின் எறிதலுக்கு வேறு வசதி வேண்டும். எங்கள் மைதானம் சிமெந்துத் தரை, கூரை இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும், பந்து ஈரமாகி வழுக்கும். அந்தத் தூரத்திலிருந்து எறிந்து பழகுகிறவள் மாதக்கணக்கில் தவறவிட்டு மனம் உடைந்துபோவாள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி வருங்காலம். தொழில்முறை அணிகள் புதியவர்களைத் தெரிவு செய்தபோது இருவரும் முதல் தெரிவாகப் போய், இருவரும் அந்தந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் ஆனார்கள். 2024இல் கிளார்க் 337 அசிஸ்ட் கொடுத்து ஒரு பருவத்துக்கான சாதனை வைத்தார். 2025இல் காயத்தால் 13 ஆட்டம்தான். அதே வருடம் பெக்கர்ஸ் ஒரே ஆட்டத்தில் 44 புள்ளி. பத்து வருடம் ஆடக்கூடிய ஓர் அணியைக் கட்டச் சொன்னால் நான் முதலில் பெக்கர்ஸைத்தான் கேட்பேன். ஓர் இரவில் ஓர் ஆட்டத்தை வென்றே ஆகவேண்டும் என்றால் கிளார்க்.

இதில் மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியான கமலினி (அவள் உண்மைப் பெயர் இதில்லை) சுவரில் ஒட்டி வைத்திருப்பது தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜூஜூ வொட்கின்ஸை. முதல் வருடத்தில் 920 புள்ளி, ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக ஒரே இரவில் 51. ஆறடி இரண்டு அங்குல உயரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு அப்படி வருகிறவள் இருவரையும் தாண்டிவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். 2025 மார்ச்சில் அவருக்கும் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த பருவம் முழுக்க இல்லை. அன்று கமலினி பயிற்சிக்கே வரவில்லை.

பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகம் வருகிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலே, சட்டென்று நிற்கும்போதும் திரும்பும்போதும் தரையிறங்கும்போதும் வருகிறது. ஈரச் சிமெந்துத் தரையில் பெக்கர்ஸ் மாதிரி சட்டென்று நிற்கச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆகவே இப்போது எங்கள் பயிற்சியில் முதல் பதினைந்து நிமிடம் பந்தே கிடையாது. குதி, இரண்டு காலிலும் இறங்கு, முழங்கால் உள்பக்கம் சாயாமல் நில். "கிளார்க் மாதிரி எறிய எப்ப மிஸ் விடுவீங்க?" என்று கேட்கிறார்கள். தரை காய்ந்திருக்கும் நாட்களில் கடைசிப் பத்து நிமிடம் விடுகிறேன்.