புக்கிட் ஜாலிலா, மலையா, சந்துபோங்கா? சுங்கை சிப்புட்காரன் போட்ட கணக்கு

ராக் கச்சேரிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது யார் வாசிக்கிறார்கள் என்றுதான். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்தேன். இப்போது நான் முதலில் பார்ப்பது, கடைசிப் பாட்டு முடிந்து வெளியே வந்ததும் பேராக்கில் இருக்கும் என் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு எப்படித் திரும்புவது என்பதை. சிரிக்காதீர்கள். கோலாலம்பூரில் வீடு இருக்கிறவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை, கிராப் டாக்ஸி கூப்பிட்டால் அரை மணியில் தலையணை. எங்களுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், மறுநாள் காலை ஷிப்ட். ரயில் எங்கள் ஊரில் நிற்கிறது, உண்மைதான், ஆனால் கடைசி ரயிலை நம்பிக் கச்சேரிக்குப் போனால் பாதிப் பாட்டில் எழுந்து ஓட வேண்டும்.

என்னைப் பற்றி ரெண்டு வரி. செம்பனை ஆலையில் ஃபிட்டர், வயது ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. 1989-இல் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சர்ச் (Search) என்ற மலாய் ராக் பேண்டின் கேசட் வாங்கிய நாளிலிருந்து இந்தப் பைத்தியம். அந்தக் காலத்துத் தோட்டத்துப் பையன்களுக்கு ராக் என்றால் முதலில் மலாய் ராக்தான், ரோக் கபாக் என்பார்கள், கபாக் என்றால் கோடரி. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டு ரேடியோவில் டி.எம்.எஸ். பாட, எங்கள் வீட்டில் சர்ச் பாடகர் எமி உச்சத்தில் நின்று கத்திக்கொண்டிருப்பார். “என்னடா, இவனுக்கு வயித்து வலியா?” என்பார் அப்பா. முடி வளர்த்தவன் அரசாங்க டிவியான ஆர்டிஎம்-இல் வரக்கூடாது என்று 90-களின் தொடக்கத்தில் அரசாங்கம் சொன்னபோது, ஏதோ எங்கள் தலையிலேயே கத்தரி வைத்த மாதிரி கோபம் வந்தது. எனக்கு முடி இருந்ததோ அரை அங்குலம்.

சரி, அலசலுக்கு வருவோம். என்னைப் போன்ற ஆளுக்கு மூன்று வழி இருக்கிறது. தலைநகரத்தில் ஒரே ஒரு பெரிய பேண்டின் கச்சேரி, பத்து இருபது பேண்டைச் சேர்த்துப் போடும் விழா, கடல் தாண்டி சாராவாக் மாநிலத்தின் சந்துபோங்கில் நடக்கும் மழைக்காட்டு உலக இசை விழா. சிங்கப்பூரை நான்காவதாகச் சொல்லலாம், அதை இங்கேயே முடித்துவிடுகிறேன். எஸ்பிளனேட் கலையரங்கில் 2002-லிருந்து நடக்கும் பேபீட்ஸ் விழா இலவசம், புது ராக் பேண்டுகளைக் கேட்க அருமையான இடம். ஆனால் ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று மலேசிய வெள்ளிக்கு மேல் கொடுத்து அங்கே ஒரு ராத்திரி படுத்து எழுந்தால், இலவசக் கச்சேரிதான் வாழ்க்கையிலேயே அதிகம் செலவு வைத்த கச்சேரி ஆகிவிடும். ஜொகூர்காரர்கள் போகட்டும்.

பெரிய பேண்டின் கச்சேரியில் எனக்கு உச்சம், 2013 ஆகஸ்ட் 21, ஸ்டேடியம் மெர்டேக்காவில் மெட்டாலிக்கா. புதன்கிழமை. 1957-இல் சுதந்திரம் பிரகடனம் செய்த அதே மைதானத்தில் கறுப்புச் சட்டை போட்ட கூட்டம், என் வலது பக்கம் பேத்தி எடுத்த வயதில் ஒரு மலாய்க்காரர், இடது பக்கம் கிள்ளானிலிருந்து வந்த நம்ம பையன்கள் நாலு பேர். இந்த வகைக் கச்சேரியின் பெரிய பலம் இதுதான், வந்த அத்தனை பேருக்கும் அத்தனை பாட்டும் தெரியும். முதல் கிட்டார் அடி விழும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பது காதில் கேட்கும். இருபது பேண்ட் விழாவில் அது நடக்காது, அங்கே பாதிப் பேர் அடுத்த ஆளுக்காகக் காத்திருப்பார்கள்.

ஆனால் முடிந்த பிறகு? அப்போது வடக்கே போகும் பஸ் புடுராயாவில்தான், நடக்கிற தூரம், அதனால் பெரிய புத்திசாலி மாதிரி நள்ளிரவு பஸ்ஸுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். பஸ் வரவே இல்லை. கம்பெனி பெயர் வேண்டாம். கவுண்டரில் ஆள் இல்லை, போனை எடுக்கவும் ஆள் இல்லை. மாமாக் கடையில் மூன்று தே தாரிக் குடித்து, விடிந்த பிறகு கிடைத்த பஸ்ஸில் ஏறி, ஷிப்டுக்கு அரை நாள் லேட்டாகப் போய், அரை நாள் சம்பளம் போனது. காதில் கிட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் சூப்பர்வைசர் திட்டியது சரியாகக் கேட்கவில்லை, அது ஒரு வசதி.

2018 நவம்பரில் கன்ஸ் அண்ட் ரோசஸ் சன்வே லகூனில், நீர் விளையாட்டுப் பூங்காவின் செயற்கைக் கடற்கரையில். அதுவும் புதன்கிழமைதான், பெரிய பேண்டுகளுக்கும் என் காலை ஷிப்டுக்கும் என்ன பகையோ தெரியவில்லை. மணலில் நின்று கேட்க நல்லாத்தான் இருக்கும், ரெண்டு மணி நேரம் தாண்டினால் கெண்டைக்கால் சொல்லும் கதை வேறு. இந்தத் தடவை அக்கா மகனைக் காரோடு கூட்டிப் போனதால் விடியும் முன் வீடு.

அரங்கம் பெரிதாகப் பெரிதாக இன்னொரு கோளாறு சேரும். புக்கிட் ஜாலில் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டியது, 80 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 2023 ஜனவரியில் ஏ.ஆர். ரகுமான் கச்சேரிக்கு மனைவியோடு அங்கே போனேன் (ராக் இல்லைதான், குடும்ப அமைதிக்கும் கொஞ்சம் செலவு செய்ய வேண்டும்). எங்கள் சீட்டு மேல் அடுக்கில். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் ஓடும், ஆகையால் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவன் திரையில் டிரம்மர் அடிப்பதைப் பார்த்துக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விநாடி கழித்துத்தான் அந்த அடியைக் கேட்பான். நடுவில் ஸ்பீக்கர் கோபுரம் வைப்பார்கள், அதையும் வேண்டுமென்றே தாமதப்படுத்தித்தான் விடுவார்கள், இல்லாவிட்டால் ஒரே அடி ரெண்டு தடவை கேட்கும். இது யார் தப்பும் இல்லை, ஒலியின் வேகம் அவ்வளவுதான். மெல்லிசைக்கு அது உறுத்தாது. உரத்த ராக்கான மெட்டலில் டபுள் பேஸ் டிரம் வேகமாக ஓடும்போது எல்லாம் கூழாகிவிடும். அதனால் பெரிய மைதானம் என்றால் என் விதி ஒன்றே ஒன்று: ஒலியைச் சரிசெய்கிறவர் கன்சோல் வைத்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னாலோ பக்கத்திலோ நில். அவர் தன் காதுக்கு ஏற்ற மாதிரிதான் சரிசெய்வார், அவர் கேட்பதையே நீயும் கேட்பாய். மேடையை ஒட்டிய இடத்துக்கு ரெண்டு மடங்கு காசு கொடுப்பவன் பாடகரின் வியர்வையைப் பார்க்கலாம், பாட்டு அங்கே சுமார்தான்.

அடுத்தது பல பேண்ட் விழா. 2018-இல் கெந்திங் மலைப்பகுதியில், கோத்தோங் ஜெயாவில், குட் வைப்ஸ் விழாவுக்கு அதே அக்கா மகன் இழுத்துக்கொண்டு போனான். அந்த வருஷம் பெரிய பெயர் நியூசிலாந்துப் பாடகி லோர்ட். நல்ல குரல், என் சரக்கு இல்லை. குளிர், மூடுபனி, ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றம், ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான், சூடு பிடிக்கும்போது இறங்கிப் போய்விடுவார்கள். “மாமா, இது பஃபே மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா ருசி பாக்கணும்” என்றான். எனக்கு வாழையிலையில் ஒரே சாப்பாடு போதும்டா என்றேன். அவன் வயதில் நானும் பஃபேதான் கேட்டிருப்பேன், அதை மறுக்கவில்லை. புதுப் பேண்டுகளை அறிமுகம் செய்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது, ஒரு சீட்டில் பத்துப் பேர்.

இந்த வகையில் ஒரு ஆபத்து, 2023 ஜூலையில் எல்லாரும் பார்த்தது. செப்பாங்கில் நடந்த அதே விழாவின் முதல் நாள், தி 1975 பேண்டின் பாடகர் ஓரினச்சேர்க்கைக்கு எதிரான நம் நாட்டுச் சட்டத்தை மேடையில் திட்டி, தன் பேஸ் கிட்டார்காரருக்கு முத்தம் கொடுத்தார். மறுநாளே அரசாங்கம் மிச்சம் இருந்த ரெண்டு நாளையும் நிறுத்திவிட்டது. கடைசி நாள் தி ஸ்ட்ரோக்ஸ் வாசிக்க இருந்தார்கள். நான் டிக்கெட் எடுக்கவில்லை, தப்பித்தேன். சரியா தப்பா என்று சண்டை போட நான் வரவில்லை, டிக்கெட் வாங்குகிறவன் கண்ணோடு பார்க்கிறேன். தடை நமக்குப் புதிதில்லை, 2001-இல் மெகாடெத், 2013-இல் லேம்ப் ஆஃப் காட், ரெண்டுமே நடக்காமல் போனவை. ஆனால் அங்கே ஒரு பேண்ட் போனால் ஒரு கச்சேரி போகும், இங்கே ஒருவர் வாய் திறந்ததில் அவரோடு சம்பந்தமே இல்லாத எல்லாரும் போனார்கள். அந்த வருஷம் நவம்பரில் கோல்ட்பிளே வந்தபோது, எல்லை மீறினால் மின்சாரத்தையே நிறுத்தும் சுவிட்ச் ஏற்பாட்டாளர் கையில் இருக்கும் என்று துணை அமைச்சரே அறிவித்தார். ஆலையில் எங்களிடமும் அந்தச் சிவப்புப் பொத்தான் இருக்கிறது, அவசரத்துக்கு மட்டும்.

இப்போது சந்துபோங். 1998-இல் தொடங்கிய விழா, கூச்சிங்கிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், சந்துபோங் மலையடியில் சாராவாக் கலாச்சாரக் கிராமத்துக்குள் நடக்கும். மூன்று நாள். உள்ளதைச் சொல்கிறேன், முதல் தடவை நான் அரை மனதோடுதான் போனேன். உலக இசை என்றால் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிப் புல்லாங்குழல் ஊதுவார்கள் என்று நினைப்பு. பினாங்கிலிருந்து நேராக விமானம் கிடைத்தது, கூச்சிங்கில் இறங்கினால் இமிகிரேஷன் வரிசை. “நம்ம நாட்டுக்குள்ளயே இமிகிரேஷனா மாமா?” என்றான் அக்கா மகன். சாராவாக் தனி அதிகாரம் வைத்திருக்கிறது, தீபகற்பத்துக்காரன் சுற்றிப் பார்க்கப் போனால் மைகார்டு என்கிற அடையாள அட்டை போதும், பாஸ்போர்ட் வேண்டாம். மைகார்டை மறந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பகலில் நீளவீடுகளுக்குள் பட்டறை மாதிரி நடக்கும், கலைஞர்கள் தரையில் உட்கார்ந்து கருவியைக் காட்டி விளக்குவார்கள். நான் அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சாப்பே என்று ஒராங் உலு மக்களின் கருவி, ஒரே மரத்தைக் குடைந்து செய்தது, படகு மாதிரி நீளம். முன்பு ரெண்டு தந்தி, நோய் தீர்க்கும் சடங்கில் வாசித்தது, இப்போது நாலு தந்தி, அதற்கு மேலும் உண்டு. ஒரு தந்தியில்தான் மெட்டு நகரும், மற்றவை தம்புரா மாதிரி ஒரே சுருதியில் கீழே ஓடிக்கொண்டிருக்கும். கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முப்பது வருஷமாக நான் கேட்ட மெட்டல் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) பாதியும் இப்படித்தானே, கீழ்த் தந்தியைத் திறந்து விட்டுத் தொடர்ந்து அடித்து, மேலே நாலு சுரத்தை நகர்த்துவது! அப்புறம் தாளப் பட்டறையில் யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அக்கா மகன் கோயிலில் உருமி வாசிக்கிறவன், ஒரு ஆப்பிரிக்க டிரம்மை வாங்கி ஆடித் திருவிழா அடியை அடித்தான். சுற்றி இருந்தவர்கள் ரெண்டே சுற்றில் பிடித்துக்கொண்டார்கள். உருமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது ஒரு முனகல் எழுமே, அது மட்டும் அந்த டிரம்மில் வரவில்லை என்று அவனுக்கு இன்றுவரை வருத்தம்.

ராத்திரி ரெண்டு மேடை, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் முடிந்ததும் மற்றதில் தொடங்கும், நடுவே காத்திருப்பு இல்லை, ஏற்றம் இல்லை, எதையும் தவறவிட வேண்டாம். கூட்டமும் மைதானக் கூட்டம் இல்லை, அதனால் எங்கே நின்றாலும் அடியும் ஒலியும் ஒன்றாகவே வரும். மழை வரும், பெயரிலேயே இருக்கிறது. சேற்றில் பிள்ளைகள் ஆடுவார்கள், பழைய செருப்பு போதும், ஷூ போட்டவன் அழுவான். முடிந்ததும் நகரத்துக்கு பஸ் விடுகிறார்கள், அறைக்குப் போய்ப் படுத்தால் மறுநாள் காலை லக்சா. விடிய விடிய ஹைவேயில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டும் வேலை இல்லை.

தூரம் அதிகம் என்பீர்கள். மணிக்கணக்கில் பார்த்தால் அதிகம்தான். ஆனால் அத்தனை மணியும் விமானத்திலும் அறையிலும் போகிறது, பஸ் ஸ்டேஷன் பெஞ்சில் இல்லை. காசு? பெரிய பேண்டின் முன்பக்கச் சீட்டு ஒன்றின் விலைக்கு, மாதங்களுக்கு முன்பே பார்த்து வாங்கினால், கூச்சிங் விமானமும் ஒரு நாள் சீட்டும் எனக்கு வந்துவிட்டது. மூன்று நாளும் வேண்டுமென்றால் அறை வாடகையோடு கூடத்தான் ஆகும்.

குறை இல்லாமல் இல்லை. உரத்த கிட்டாருக்காக மட்டும் போகிறவனுக்கு அங்கே பாதி நேரம் பசியாகவே இருக்கும். நீங்கள் பதினாறு வயதில் சுவரில் ஒட்டிய பேண்ட் கோலாலம்பூருக்கு வருகிறதா, யோசிக்காமல் அங்கே போங்கள், எத்தனை பஸ் வராமல் போனாலும் போங்கள், அதற்கு ஈடு சந்துபோங்கில் கிடைக்காது. அந்தப் பேண்ட் வராத வருஷங்களுக்கு என் ஓட்டு சந்துபோங்குக்கு. மலை விழா அக்கா மகனுக்கு.

எதற்குப் போனாலும் காதடைப்பான் கொண்டுபோங்கள். ஆலையில் பாதுகாப்புக்காரர் சொல்லிக் கொடுத்த கணக்கு, 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100-க்குப் போனால் கால் மணி நேரம்தான். ராக் மேடை 100-ஐ சாதாரணமாகத் தொடும். டர்பைன் பக்கத்தில் போடச் சொல்லிக் கொடுத்த ஆரஞ்சு நிறப் பஞ்சையே நான் கச்சேரிக்கும் கொண்டுபோகிறேன், அதை அடைத்தால் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கிறது, நம்பாதவர்கள் போட்டுப் பாருங்கள்.

அடுத்த விழாவுக்கு மனைவியும் வருகிறாள், டாமாய் கடற்கரை பக்கத்தில் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்று விமான டிக்கெட் பார்த்தாயிற்று. ஷிப்ட் மாற்றிக்கொள்ளவும் ஆள் கிடைத்துவிட்டார், பதிலுக்குத் தீபாவளிக்கு மறுநாள் காலை அவருக்காக நான் பாய்லர் பக்கம் நிற்க வேண்டும். அதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.