மீன் அமிலக் கேனில் எத்தனை அமினோ அமிலம்?

மதுரை சுற்றுவட்டாரத்தில் எந்த உரக்கடையில் ஏறினாலும் வாசலோரம் பழுப்புக் கேன்கள் அடுக்கியிருக்கும். ‘மீன் அமிலம்’ (பயிருக்குத் தெளிக்கும் மீன் கரைசல்) என்று கேட்டால் மூன்று ரகம் எடுத்து வைப்பார்கள். முதல் ரகம், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் விவசாயிகளே ஊறவைத்து விற்கும் 5 லிட்டர் கேன், 800 ரூபாய் அளவில். அடுத்தது பளபள லேபிளில் ‘18 வகை அமினோ அமிலம்’ என்று போட்ட 1 லிட்டர் பாட்டில், 450 ரூபாய். இன்னொன்று ‘அமினோ 80%’ என்ற வெளிர்மஞ்சள் பொடி, கிலோ 600-ஐத் தொடும். மூன்றையும் மல்லிகைக்குத் தெளிக்கிற கணக்கில் வைத்துப் பார்த்த மதிப்பீடு இது. பெயர்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். ஒரே லேபிள் ஒட்டிய இரண்டு கேனே இரண்டு விதமாக இருக்கும்போது பெயரைச் சொல்லி என்ன பயன்?

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பது. புரதம் என்பது கட்டிய மல்லிகைச் சரம் மாதிரி. மொக்கு ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலம். நடுவில் ஒரு கார்பன். அதன் நான்கு கைகளில் ஒன்று அமின், ஒன்று கார்பாக்சில் அமிலம், ஒன்று வெறும் ஹைட்ரஜன், நான்காவது பக்கச் சங்கிலி. அந்த நான்காவது கைதான் ஒன்றைக் கிளைசின் என்றும் ஒன்றை லைசின் என்றும் ஆக்குகிறது. புரதத்தில் வழக்கமாக வருவது 20 வகை. ஒன்றின் அமிலக் கையும் அடுத்ததன் அமின் கையும் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறி முடிச்சு விழுகிறது. அதுதான் பெப்டைட் பிணைப்பு. மீன் தசையிலுள்ள மயோசினின் பெரிய இழை ஒன்றில் இப்படி ஏறக்குறைய 2000 மொக்குகள் கட்டியிருக்கும். முடிச்சை அவிழ்க்க வேண்டுமென்றால் போன தண்ணீரைத் திரும்பக் கொடுக்க வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றினால் வருஷக்கணக்காக அவிழாது. நொதி வேண்டும், அல்லது சூடான அமிலம் வேண்டும்.

கேன் சரக்கில் அந்த வேலையைச் செய்வது மீனின் குடலே. ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ மண்டைவெல்லம், 21 நாள், நிழலில் மூடி வைப்பது என்பது ஊரறிந்த பக்குவம். குடலிலுள்ள ட்ரிப்சின் என்ற நொதி சரத்தை எங்கே வேண்டுமானாலும் அறுக்காது. லைசினும் ஆர்ஜினினும் முடிகிற இடத்தில்தான் அறுக்கும். அதனால் 21 நாளில் எல்லா மொக்கும் உதிர்ந்துவிடாது. கொஞ்சம் உதிரி மொக்கு, மீதி அறுந்த சரத் துண்டுகள், அதாவது பெப்டைட்கள். ‘அமினோ அமிலம்’ என்று கேனில் எழுதியிருப்பது பாதி உண்மைதான். ஏமாற்று என்று சொல்ல மாட்டோம், பக்குவமே அப்படி. தலை, செதில், தோல் மட்டும் போட்டுக் குடலை விட்டவர்களின் சரக்கு 40 நாள் ஆனாலும் கொழகொழவென்றுதான் இருக்கும். கருவாட்டைப் போட்டவர்கள் சரக்கில் உப்புதான் மிஞ்சும். அதை வாங்கவே வேண்டாம்.

வெல்லத்துக்கு இரண்டு வேலை. முதல் இரண்டு மூன்று நாளில் சர்க்கரைச் செறிவு மீனிலிருந்து நீரை இழுத்து, அழுகவைக்கும் பாக்டீரியாவை அடக்குகிறது. பிறகு லாக்டிக் பாக்டீரியா அந்தச் சர்க்கரையைத் தின்று புளிப்பாக்குகிறது. வெல்லத்தில் கைவைத்து, கிலோவுக்கு அரைக் கிலோ என்று போட்டால் புளிப்பு ஏறுவதற்குள் அழுகல் முந்திக்கொள்ளும். அழுகல் என்றால் வெறும் நாற்றம் மட்டுமில்லை, சரக்கே போகிறது. லைசின் தன் அமிலக் கையை இழந்து கடாவரின் ஆகிறது. மத்தி, அயிலை, சூரையில் நிறைய உள்ள ஹிஸ்டிடின், ஹிஸ்டமின் ஆகிறது. சிஸ்டீனிலிருந்து அழுகிய முட்டை வாடை வருகிறது. அமின் கை கழன்று அமோனியாவாகப் பறக்கிறது. நாம் காசு கொடுத்தது எதற்கோ, அதுதான் மூக்கில் ஏறுகிறது.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பிஹெச் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டால் போதும். சரக்கின் கறுப்பு நிறம் தாளின் நிறத்தை மறைக்கும் என்பதால் ஒரு மூடி சரக்குக்குப் பத்து மூடி ஆர்.ஓ. தண்ணீர் கலக்கி நனைக்க வேண்டும். போர் தண்ணீரில் கலக்கக் கூடாது. இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் புளிப்பைக் குறைத்துக் காட்டி நல்ல சரக்கையும் கெட்டதாக்கிவிடும். 4 முதல் 4.5-க்குள் என்றால் நன்றாகப் புளித்தது. பாலில் கேசின் திரிந்து தயிர் உறைவதும் 4.6 பக்கத்தில்தான், அந்த அளவுப் புளிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 6-ஐத் தாண்டினால் அழுகியது. வாங்கிய இரண்டு கேனில் ஒன்று 4.2 காட்டியது, பழக்காடியும் லேசான கருவாடும் கலந்த வாசனை. அதே லேபிளில் அடுத்த மாதம் வந்தது 6.5, மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது. நல்ல சரக்கின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கலாம், அது மீன் கொழுப்பு, குற்றமில்லை.

பெப்டைட் இருக்கிறதா என்று பார்க்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போதும். போர்டோ கலவைக்கு வாங்கியது வீட்டில் இருக்குமே, அதுதான். சரக்கை 20 மடங்கு நீரில் கலந்து 2 மில்லி எடுங்கள். 10% காஸ்டிக் சோடா கரைசல் 2 மில்லி ஊற்றி, 1% மயில்துத்தக் கரைசல் இரண்டே சொட்டு. கையுறை கட்டாயம். ஊதா வந்தால் முடிச்சுகள் உண்டு. பெரிய சரம் என்றால் நல்ல ஊதா, சின்னத் துண்டு என்றால் இளஞ்சிவப்புப் பக்கம் போகும். தனி அமினோ அமிலம் மட்டும் இருந்தால் ஊதா வராது, நீலமாகவே நிற்கும். பையூரெட் சோதனை என்று பிளஸ் டூ பிள்ளைகள் செய்வது இதுவே. ஆனால் பள்ளியில் முட்டை வெள்ளைக்கரு வைத்துச் செய்வதால் வராத இரண்டு தொல்லை இங்கே வரும். சொட்டு அதிகமானால் மயில்துத்தத்தின் நீலம் ஊதாவை மூடிவிடும். சூடாக்கினாலோ ரொம்ப நேரம் விட்டாலோ வெல்லத்தின் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் செம்பைப் பிடித்துச் செங்கல் நிறப் படிவாக்கிவிடும். பத்து நிமிஷத்துக்குள் வெளிச்சத்தில் பார்த்து முடிவு சொல்லிவிட வேண்டும்.

நின்ஹைட்ரின் என்ற நிறம் காட்டும் ரசாயனத்தைத் தடவிக் காட்டி ‘பாருங்கள், ஊதா, அசல் அமினோ அமிலம்’ என்று விற்பவர்களும் உண்டு. அதற்கு மயங்க வேண்டாம். நின்ஹைட்ரின் அமின் கை எதைக் கண்டாலும் நிறம் மாறும். அமோனியாவைக் கண்டாலும் மாறும். அழுகிய கேனும் அமோகமாக ஊதா காட்டும். பிஹெச் தாளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம்.

இனி விலைக் கணக்கு. மீன் கழிவில் புரதம் 15% என்று தாராளமாகவே வைப்போம். சம அளவு வெல்லம் சேர்த்தால் 7.5%. புரதத்தில் நைட்ரஜன் ஏறக்குறைய 16%, ஆகவே சரக்கில் 1.2%. லிட்டர் 1.2 கிலோ எடை என்றால் ஒரு லிட்டரில் சுமார் 14 கிராம் நைட்ரஜன். அதே 14 கிராம் 30 கிராம் யூரியாவில் இருக்கிறது. 45 கிலோ மூட்டை 270 ரூபாய் சொச்சம் என்னும்போது அதன் விலை 20 பைசா. மீன் அமிலம் லிட்டர் 160. தழைச்சத்துக்காக இதை வாங்குகிறவர் கணக்குப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பிறகு எதற்கு வாங்குவது? நுண்ணூட்டத்தோடு சேர்க்க. அமினோ அமிலம் தன் அமின் கையாலும் அமிலக் கையாலும் துத்தநாகத்தையும் இரும்பையும் இடுக்கி போலப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடித்திருக்கும் உலோகம் தண்ணீரிலுள்ள உப்புகளோடு சேர்ந்து சீக்கிரம் படிந்துவிடாது. இதே வேலைக்கு வரும் ரசாயன இடுக்கியான ஈ.டி.டி.ஏ. அளவுக்குப் பிடிமானம் கிடையாது, உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு மண்ணில் வெளுத்து நிற்கும் மல்லிகைக்கு 0.5% இரும்பு சல்பேட், 0.25% துத்தநாக சல்பேட் அடிக்கும்போது 10 லிட்டர் டேங்குக்கு 50 மில்லி நல்ல மீன் அமிலம் சேர்ப்பது நியாயமான செலவு. 200 லிட்டர் தெளிப்புக்கு ஒரு லிட்டர் தீரும்.

பாட்டிலுக்கு வருவோம். ‘18 வகை’ என்ற எண்ணே கொஞ்சம் பேசுகிறது. 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் ஒரு நாள் முழுக்கக் கொதிக்கவைத்தால் எந்தப் புரதமும் உதிரியாகிவிடும். ஆய்வகத்தில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கொதியில் டிரிப்டோஃபான் அழிகிறது. அஸ்பராஜினும் குளுட்டமினும் தங்கள் அமைடை இழந்து அஸ்பார்டிக், குளுட்டமிக் அமிலங்களாகிவிடுகின்றன. இருபதில் மூன்று போனால் பதினேழு. பதினெட்டாவது எங்கிருந்து? ஹைட்ராக்ஸிபுரோலினைச் சேர்த்தால் எண்ணிக்கை சரியாக வரும். அது தோல், எலும்பு, செதிலிலுள்ள கொலாஜனில்தான் நிறைய உண்டு. மீனில் மட்டுமில்லை, தோல் பதனிடும் இடத்துச் சீவலிலும் உண்டு. அது தன்னளவில் மோசமில்லை. கொலாஜனில் மூன்றில் ஒன்று கிளைசின், எல்லாவற்றிலும் சிறியது, இலைக்குள் சுலபமாக நுழையக்கூடியது. கவலை, தோல் பதனிட ஏற்றும் குரோமியத்தைப் பற்றித்தான். குரோம் ஏற்றிய சீவலா என்று லேபிள் சொல்லாது. மூலப்பொருள் என்ன, குரோமியம் எவ்வளவு என்ற பரிசோதனைச் சீட்டைக் கேட்க வேண்டும். 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் பயோஸ்டிமுலன்ட் (பயிர் ஊக்கி) சேர்க்கப்பட்டபோது புரதச் சிதைவுப் பொருளும் அமினோ அமிலமும் அதில் ஒரு பிரிவாக வந்துவிட்டன. கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பாட்டிலில் யூரியா கலந்து நைட்ரஜனைத் தூக்கிக் காட்டுவதும் நடக்கக்கூடியதே. பாலில் யூரியா பார்க்கும் அதே வித்தை இதற்கும் உதவும். சரக்கை நன்றாக நீர்த்து, புளிப்பாக இருந்தால் துளி சமையல் சோடாவால் சமப்படுத்தி, ஒரு சிட்டிகை சோயா மாவைப் போட்டுக் குலுக்கி ஐந்து நிமிஷம் கழித்து பிஹெச் தாளை நனையுங்கள். சோயாவின் யூரியேஸ் நொதி யூரியாவை அமோனியாவாக்கும். தாள் நீலப் பக்கம் ஏறும். மாவு போடாத இன்னொரு குவளையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பொடி வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. 80% உண்மையாகவே இருக்கலாம். சிக்கல் மீதி 20%-இல். அமிலத்தில் கொதித்த சரக்கைக் காஸ்டிக் சோடாவால் சமப்படுத்தினால் மிஞ்சுவது சமையல் உப்பு. ஏற்கெனவே உப்புத் தண்ணீர் பாயும் தோட்டத்தில் இலை நுனி கருகுவதற்கு இது போதும். காஸ்டிக் பொட்டாஷில் சமப்படுத்தியது என்றால் மிஞ்சுவது பொட்டாஷ் உப்பு, அதுவாவது பயிருக்கு ஆகும். சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரிவது குளோரைடைக் காட்டும். எந்தக் குளோரைடு என்று சொல்லாது.

தெளிக்கும்போது: இரட்டை வேட்டித் துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் செதில் துணுக்கு நாசிலை அடைக்கும். மயில்துத்தம், காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடித்த வாரத்தில் இதை அடிக்கக் கூடாது. செம்பை அமினோ அமிலம் கரைத்து இலைக்குள் இழுத்துச் செல்ல, இலை கருகும். டேங்குக்கு 50-க்குப் பதில் 150 மில்லி ஊற்றினால் வெல்லப் பிசுபிசுப்பில் எறும்பு ஏறும், கரும்பூசணம் படியும். கார்த்திகையில் கவாத்து முடிந்து துளிர் வரும்போது அடிப்பது நல்லது. மொக்கு எடுக்கும் காலத்தில் என்றால் காலையில் பறித்து முடித்த பிறகுதான்; மீன் வாடை ஏறிய பூவை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் யார் எடுப்பார்கள்?

சித்திரை வெயிலில் கேனை மோட்டார் ரூம் தகரத்துக்குக் கீழே வைக்காதீர்கள். உள்ளே புளிப்பு நிற்காமல் ஓடுகிறது, வாயு சேர்ந்து கேன் உப்பும். வாரம் ஒருமுறை மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி, சீறல் நின்றதும் இறுக்க வேண்டும். கடையில் உப்பிய கேன் இருந்தால் அதைக் கெட்டது என்று உடனே ஒதுக்கவும் வேண்டாம், நல்லது என்று தூக்கவும் வேண்டாம். மூடியைத் திறக்கச் சொல்லி, தாளை நனைத்துப் பாருங்கள்.