மேக்சேஞ்சர்: எண்ணில் நம்பலாம், கம்பெனிப் பெயரில் நம்பக்கூடாது

லினக்ஸில் நெட்வொர்க் கார்டுக்குப் புது மேக் முகவரி (கார்டை அடையாளம் காட்டும் 48 பிட் எண்) உருவாக்கிப் பொருத்த குனு மேக்சேஞ்சர் நல்ல கருவி. கட்டளை வரியில் ஓடும், சின்னது, செய்ததை ஒளிக்காமல் சொல்லும். 'ஷோ' தெரிவைக் கொடுத்தால் கார்டிலேயே பதிந்த நிரந்தர முகவரியும் இப்போது புழங்கும் முகவரியும் அடுத்தடுத்து வந்துவிடும்.

இதன் உண்மையான பலம் 'ரேண்டம்'. 48 பிட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவதில்லை. முதல் பைட்டின் கடைசி பிட்டை 0 ஆக வைக்கிறது. அது 1 ஆனால் மல்ட்டிகாஸ்ட் முகவரி (ஒரே நேரத்தில் பல சாதனங்களுக்கானது), லினக்ஸின் மையமான கர்னல் ஏற்காது. அதற்கு முந்தைய பிட்டை 1 ஆக்குகிறது. 'இது உற்பத்தியாளர் கொடுத்ததல்ல, இங்கே வைத்துக்கொண்டது' என்பதற்கு அதுதான் அடையாளம். அதனால் பதினாறடிமான முறையில் (0-9, ஏ-எஃப்) எழுதும் முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, இ என்ற நான்கில் ஒன்றாகத்தான் வரும். மீதி 46 பிட், அதாவது சுமார் 70 லட்சம் கோடி முகவரிகள். மோதலைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

'ரேண்டம்' உடன் 'பயா' தெரிவையும் சேர்த்தால் அந்த அடையாள பிட் அணைந்துவிடும். முகவரி ஏதோ ஒரு கம்பெனியின் ஒதுக்கீட்டுக்குள் போய் உட்காரலாம். தெளிவான காரணம் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

'எண்டிங்' முதல் மூன்று பைட்டை (கம்பெனியைக் குறிக்கும் முன்னொட்டு) விட்டுவிட்டுக் கடைசி மூன்றை மட்டும் மாற்றும். 1,67,77,216 வாய்ப்புகள் ஏராளமாகத் தோன்றும். ஆனால் ஒரே முன்னொட்டில் சுமார் 4,800 முகவரிகளை இப்படி உருவாக்கினாலே எங்காவது இரண்டு ஒன்றாகிவிடப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கொத்துக்கொத்தாக மெய்நிகர் கணினி கிளப்புகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

சறுக்கல் 'அனதர்' தெரிவில். வேறொரு கம்பெனியின் முன்னொட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துப் போடும். முகவரியோடு காட்டும் கம்பெனிப் பெயரும் அதே பட்டியலிலிருந்துதான். அந்தப் பட்டியல் பேக்கேஜோடு வந்தது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அதைவிடப் பெரிய குறை, அது முதல் மூன்று பைட்டை மட்டுமே பார்க்கிறது. முன்னொட்டுகளைக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் ஐஇஇஇ அமைப்பின் ஒதுக்கீடு 24, 28, 36 பிட் என மூன்று அளவில் நடக்கிறது. 28 பிட் ஒதுக்கீட்டில் 10,48,576 முகவரிகள், 36 பிட்டில் 4,096 மட்டும். ஒரே மூன்று பைட்டுக்குள் பல கம்பெனிகள் குடியிருக்கும்போது அதை மட்டும் வைத்துச் சொல்லும் பெயருக்கு என்ன மதிப்பு? நெட்வொர்க்கில் தெரியாத சாதனத்தை அடையாளம் காண இதை நம்பாமல், ஐஇஇஇ வெளியிடும் மூன்று பட்டியல்களிலும் தேடுங்கள்.

பயன்படுத்தும் வரிசை முக்கியம். முதலில் 'ஐபி லிங்க்' கட்டளையால் இன்டர்ஃபேஸை இறக்குங்கள், பிறகு மாற்றுங்கள், பிறகு ஏற்றுங்கள். இறக்காமல் முயன்றால் பல டிரைவர்கள் 'பிஸி' என்று மறுத்துவிடும். மாற்றம் ரீபூட் வரைதான்.

வைஃபையில் மாற்றிய முகவரி இணைந்ததும் மறைந்தால் குற்றம் மேக்சேஞ்சரின் மேல் இல்லை. இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் தன் சொந்த முகவரியை மேலே எழுதியிருக்கும். அங்கே 'குளோன்டு மேக் அட்ரஸ்' அமைப்பில் 'ஸ்டேபிள்' கொடுப்பதே மேல். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி முகவரி, ஆனால் அதே இணைப்புக்கு எப்போதும் அதே முகவரி.

சுவிட்சில் போர்ட் செக்யூரிட்டி (தெரிந்த மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் காவல்) இருந்தால் புது முகவரியைக் கண்டதும் போர்ட்டே பூட்டிக்கொள்ளலாம். அடிக்கடி மாற்றினால் ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி ஒவ்வொரு முறையும் புது ஐபி கொடுத்து, பழைய லீஸ் (ஒதுக்கிய காலம்) முடியும்வரை ஐபி இருப்பு கரையும்.

சோதனைக்கூடத்துக்கு நிலையான முகவரி வேண்டுமா? 'மேக்' தெரிவில் நீங்களே எழுதுங்கள், முதல் பைட்டை 02 என வையுங்கள். 2017இல் வந்த ஐஇஇஇயின் 802சி தரத் திருத்தம் உள்ளூர் முகவரிகளை நான்காகப் பிரித்தது. நிர்வாகி தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ளும் பகுதிக்கு இரண்டாம் எழுத்து 2. வேலை முடிந்ததும் 'பெர்மனன்ட்' கொடுத்தால் பழைய முகவரி திரும்பிவிடும்.