நாப்ஃப்ளர் சத்தத்துக்கு மூன்று வழி: குன்னூரில் ஓர் ஐப்பசிச் சோதனை

ஐப்பசி பிறந்துவிட்டால் குன்னூரில் வீட்டை விட்டுக் கிளம்புவது கஷ்டம். கூடலூர் பக்கம் ஆடியில் கொட்டித் தீர்ப்பது எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் வரும். மண் சரிந்தது என்று மேட்டுப்பாளையம் மலை ரயிலை நிறுத்துவார்கள். எங்காவது ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்தால் கரண்டும் போய்விடும். போன ஐப்பசியில் அப்படி அடைபட்டுக் கிடந்த ஒரு வாரத்தில், பெட்போர்டு பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று செட்டை வரிசையாக வைத்து, இருபது வருஷமாக எனக்குள் ஓடும் ஒரு வழக்கைத் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் மார்க் நாப்ஃப்ளர் 1978-இல் ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ பாட்டில் எழுப்பிய கிட்டார் சத்தத்துக்கு, நம் கைக்கு எட்டும் காசில் எது கிட்டத்தில் போகும்?

உட்கார்ந்தது நானும் என் அக்கா மகனும். என்னிடம் ஸ்கொயர் கிளாசிக் வைப் 60ஸ் ஸ்ட்ராட், அதாவது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் மலிவுப் பதிப்பு. லேப்டாப்பில் செருகி ஹெட்ஃபோனில் கேட்கிற ஆள் நான். அவனிடம் யமஹா பசிஃபிகா 112வி கிட்டார், கூடவே பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா 50 ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. மூன்றாவதாக, கோத்தகிரியில் சர்ச்சில் வாசிக்கும் நண்பர் ஒருவர் “மழை விடுற வரைக்கும் வச்சுக்கங்க” என்று ஜீப்பில் ஏற்றி அனுப்பிய 15 வாட் வால்வு ஆம்ப், பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய்களில் ஓடுவது.

அசலில் என்ன இருந்தது? 1960-களின் தொடக்கத்தில் செய்த ஒரு சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இரண்டு 6எல்6 வால்வுகளில் ஓடும் ஃபெண்டர் வைப்ரோலக்ஸ் ஆம்ப். தந்தியை மீட்டும் பிக் என்ற சில்லு கிடையாது, கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும்தான் தந்தியைத் தொடும். மற்ற இரண்டு விரலும் கிட்டார் உடம்பில் ஊன்றி நிற்கும். 2024 ஜனவரியில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அவருடைய 120-க்கும் மேற்பட்ட கிட்டார்களும் ஆம்ப்களும் சுமார் 88 லட்சம் பவுண்டுக்குப் போயின. ஆகவே அதே பொருளை வாங்கும் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

முதலில் கிட்டார். இதில் வழக்கே ஒரு ஸ்விட்சைப் பற்றியதுதான். பழைய ஸ்ட்ராட்டில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள், அதாவது பிக்கப், மூன்று; ஸ்விட்சுக்கும் மூன்று நிலை. ஒரு நேரத்தில் ஒரு பிக்கப். ஆனால் ஸ்விட்சை இரண்டு நிலைக்கு நடுவே நிறுத்தினால் இரண்டு பிக்கப் சேர்ந்து பேசும் என்று வாசிப்பவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலை ஸ்விட்சைத் தொழிற்சாலையிலேயே வைக்க ஆரம்பித்தது 1977-இல்தான். நாப்ஃப்ளரின் சத்தம் பிரிட்ஜ் பிக்கப்பும் (தந்தி கட்டும் பாலத்தை ஒட்டியது) நடுப் பிக்கப்பும் சேர்ந்த அந்த இடைநிலை. ஒரே தந்தியை இரண்டு இடத்தில் கேட்கும்போது நடு அலைவரிசைகளில் சில ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிச்சம் நிற்பது லேசாக மூக்கடைத்தவர் பாடுகிற மாதிரி ஒரு குரல். வெள்ளைக்காரர்கள் வாத்து என்பார்கள். எனக்கு ஜலதோஷம்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

கிளாசிக் வைப்பில் அந்த நிலைக்கு ஸ்விட்சைத் தள்ளியதும் சத்தம் வந்துவிட்டது. பசிஃபிகாவில் வரவில்லை. அதன் பிரிட்ஜில் இருப்பது இரட்டைச் சுருள் ஹம்பக்கர். நடுப் பிக்கப்போடு சேர்ந்தாலும் தொண்டை கனத்தே கேட்கிறது. 112வி-யில் டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கர் ஒற்றைச் சுருளாகிவிடும். ஒரு வருஷமாக வைத்திருக்கிறான், அதைப் பயலுக்கு யாரும் சொல்லவில்லை. இழுத்ததும், “மாமா, இது வேற கிட்டாருங்க மாமா!” என்றான். இருந்தாலும் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் கிளாசிக் வைப்பில் மேல் ஸ்தாயி கண்ணாடி மாதிரி தெளிவு. பசிஃபிகாவில் அது கொஞ்சம் மழுங்கல். ஆனால் ராக், மெட்டல் என்று எல்லாம் வாசிக்கிற பதினெட்டு வயதுக்காரனுக்கு நான் பசிஃபிகாவைத்தான் சொல்வேன். நாப்ஃப்ளர் ஒருவருக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் ஸ்ட்ராட்டைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, இந்தச் சோதனைக்குச் சம்பந்தமில்லாதது. அறுபதுகளின் தொடக்கத்து ஸ்ட்ராட்களில் விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட். அந்தப் பத்தாண்டின் நடுவில் ஃபெண்டர் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதாவது நம் ஈட்டி மரம், கூடலூர்க் காட்டில் நிற்கிறதே அதே ஜாதி. 2017-இல் ரோஸ்வுட் வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்து, இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைப்பதற்குள் கம்பெனிகள் வேறு மரம் தேடிக்கொண்டன. என் கிளாசிக் வைப்பில் இருப்பது இந்தியன் லாரல். பெயரைக் கேட்டு ஏதோ சீமை மரம் என்று நினைத்தேன். பார்த்தால் கருமருது! முதுமலைக்குள் போனால் முதலைத்தோல் மாதிரி வெடித்த பட்டையோடு நிற்குமே, அதேதான். ஈட்டிக்கும் கருமருதுக்கும் சத்தத்தில் வித்தியாசம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் காதுக்கு எட்டவில்லை.

இனி ஆம்ப். மூன்று நாள் இதற்கே போனது.

வால்வு ஆம்ப் வாசிக்கிறவனை மயக்கும். மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும். விரலால் தந்தியைக் கொஞ்சம் தூக்கிச் சுண்டினால் உடனே ஓரம் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்காகத்தான் ஆளாளுக்கு வால்வு வால்வு என்று அலைகிறார்கள். ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, நாங்கள் கேட்ட பதிவில் கிட்டார் ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கிறது, கரகரப்பு கடுகளவுதான். எங்களிடம் வந்தது இஎல்84 வால்வு வகை, சீக்கிரம் கரகரக்கிற ஜாதி. கரகரக்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்தால் வால்வின் உயிரும் குறைகிறது. ஏற்றினால் அடுத்த வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிறார்.

இரண்டாவது சிக்கல் எங்கள் ஊர் கரண்ட். சாயங்காலம் ஆறரைக்கு மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 190 வோல்ட். வால்வின் இழை 6.3 வோல்ட்டில் எரிய வேண்டியது. 230 வரவேண்டிய இடத்தில் 190 வந்தால் அந்த 6.3 சுமார் 5.2 ஆகிவிடும். ஆம்ப் ஓடத்தான் செய்தது. ஆனால் பட்டினி கிடந்தவன் பேசுகிற மாதிரி. காலையில் பத்து மணிக்கு அற்புதமாக இருந்த அதே ஆம்ப்! ஸ்டெபிலைசர் இல்லாமல் மலையில் வால்வு ஆம்ப் வாங்கவே வாங்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவரும் 120 வோல்ட் ஆம்புக்கு அதோடு டிரான்ஸ்ஃபார்மரும் தனியாக வேண்டும்.

கட்டானாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுவே அதன் பெருமை. 50 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், சத்தத்தை அரை வாட்டுக்குக் குறைக்கலாம். கிளீன் சேனலில் ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றி, மிடிலைக் குறைத்து, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரெசர் உள்ளேயே இருக்கிறது, அதையும் லேசாகப் போட்டோம். பத்து நிமிஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் திருப்திப்படுகிற இடம் வந்துவிட்டது. சாயங்காலக் கரண்டிலும் குரல் மாறியதாக எனக்குக் கேட்கவில்லை. விரல் சுண்டலுக்கு வால்வு கொடுத்த பதில் மட்டும் இதில் இல்லை. எவ்வளவு ஓங்கிச் சுண்டினாலும் மரியாதையாகவே பேசுகிறது.

லேப்டாப் வழியில் நான் கட்சிக்காரன், அதை மனதில் வைத்துப் படியுங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ என்ற சின்னப் பெட்டி, நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருள். உண்மையான ஆம்ப் ஒன்றை யாரோ எங்கோ ஓடவிட்டு அதன் நடத்தையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துக் கோப்பாக்கிப் பகிர்ந்திருப்பார்கள். பழைய ஃபெண்டர் ஆம்ப் கோப்புகள் நிறையக் கிடைக்கின்றன. அசல் வகைக்கு மிக அருகில் போனது இதுதான், ஏனென்றால் மற்ற இரண்டும் ஃபெண்டரே இல்லை. தந்தியைத் தொட்டதற்கும் காதில் விழுவதற்கும் இடையில் தாமதம் உண்டு: 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் சாம்பிள் அளவை, 128 வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லி விநாடி, போக வர அதற்கு மேல். எனக்குத் தெரியவில்லை, மருமகனுக்குத் தெரிகிறதாம். சார்ஜர் செருகியிருந்தால் ஒரு இரைச்சல் வரும், பிடுங்கினால் போய்விடும். பெட்டிக்கு யுஎஸ்பி-யிலேயே மின்சாரம் கிடைப்பதால் கரண்ட் போனாலும் வாசிக்கலாம். அந்த வாரம் மூன்று சாயங்காலம் அப்படித்தான் போனது. மூன்றாவது நாள் மருமகன் தன் கட்டானாவை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

சனிக்கிழமை மூன்றிலும் ஒரே பகுதியை, ஒரே ஸ்ட்ராட்டில், நான் ஒரு முறையும் அவன் ஒரு முறையும் வாசித்துப் பதிவு செய்தோம். அவன் பிக்கால் வாசித்தான். அக்காவைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டு எது எது என்று சொல்லாமல் போட்டோம். அக்காவுக்கு நாப்ஃப்ளரும் தெரியாது, ஆம்பும் தெரியாது. ஆறையும் கேட்டுவிட்டு, “டேய், எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. இந்த மூணு உன் கை, அந்த மூணு இவன் கை. அவ்வளவுதான் தெரியுது,” என்று சொல்லிவிட்டுத் தாளிக்கப் போனாள். ஆறில் ஆறும் சரி.

சத்தம் விரலில் இருக்கிறது என்பது கிட்டார் வாசிப்பவர்கள் சலிக்கச் சலிக்கச் சொல்லும் வார்த்தை. பெரும்பாலும் காசில்லாதவனை ஆறுதல்படுத்தச் சொல்வது. அதை முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் விரலால் பசிஃபிகாவை ஹம்பக்கரில் வாசித்தபோது அந்த மூக்குக் குரல் வரவே இல்லை; ஸ்விட்ச் செய்வதை விரல் செய்யாது. ஆனால் ஸ்விட்ச் சரியாக இருந்த பிறகு, பிக்குக்கும் விரலுக்கும் இருந்த தூரம், ஆம்புக்கும் ஆம்புக்கும் இருந்த தூரத்தைவிடப் பெரிது. வீணை வாசிப்பவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். மீட்டும் விரலில் சதை படுகிறதா நகம் படுகிறதா என்பதற்கே அவர்கள் வருஷக் கணக்கில் உழைக்கிறார்கள். நாப்ஃப்ளர் பாணியில் விரல் தந்தியைக் கீழிருந்து கொக்கி போட்டு இழுத்துவிடும். தந்தி விரல்பலகையின் உலோகக் கட்டையில் (ஃப்ரெட்) அடித்துத் திரும்பும்போது ‘டக்’கென்று ஒரு முனை கிடைக்கும். எனக்கு இது கைக்கு வர எட்டு மாதம் ஆனது. ஜனவரியில் உறைபனி விழும் காலையில் கணப்பில் கை காட்டாமல் எனக்கு இன்றும் வராது.

விரலால் வாசித்தால் ஒரு சுரம் உரக்க, ஒரு சுரம் மெல்ல என்று ஏறி இறங்கும். அதைச் சமன்செய்ய கம்ப்ரெசர் கட்டாயம். கட்டானாவில் உள்ளேயே இருக்கிறது, லேப்டாப்பில் இலவசம், வால்வு ஆம்புக்கு மட்டும் தனிப் பெடல் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் ஸ்டெபிலைசரையும் வால்வு ஆம்பின் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். கடைக்காரர்கள் அப்படிக் கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

மைக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1985-இல் வந்த ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ ஆல்பத்தில் அவருடைய இன்னொரு புகழ்பெற்ற சத்தம் இருக்கிறது, லெஸ் பால் கிட்டாரில் வாசித்தது. மான்ட்செராட் தீவின் ஸ்டூடியோவில் மைக் ஒன்று தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்த நிலையில் தற்செயலாக அமைந்தது அது. நாங்களும் கட்டானா முன்னால் மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து இரண்டு அங்குலம் ஓரத்துக்கு நகர்த்திப் பார்த்தோம். ஆம்பையே மாற்றியதைவிட அதிகமாக மாறியது.

தந்தி விஷயத்தில் மட்டும் ஒப்பீடே இல்லை. சாதாரணத் தந்தி இந்த மூடுபனியில் மூன்று வாரத்தில் கறுத்து, அந்தக் கண்ணாடித் தெளிவு போய்விடும். பூச்சுப் போட்ட தந்தி விலை கூடுதல், ஆனால் எனக்கு மூன்று மாதம் வருகிறது. கிட்டாரை பீரோவில் வைத்து, கீழ்த்தட்டில் ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிடுங்கள். பூசணம் பிடிக்காது.

காசு குறைவாக இருந்தால் நான் போகும் வரிசை: ஸ்ட்ராட், பூச்சுத் தந்தி, பிறகு லேப்டாப் வழி. சர்ச்சிலோ கல்யாண வீட்டிலோ நாலு பேர் முன் வாசிக்க வேண்டுமென்றால் கட்டானா. ஹெட்ஃபோனைச் சபைக்கு மாட்ட முடியாது. இரண்டும் ஆன பிறகும் காசு மிஞ்சி, அண்டை வீடு தள்ளி இருந்தால் வால்வைப் பற்றி யோசிக்கலாம்.

மழை விட்டதும் கோத்தகிரி நண்பர் ஜீப் அனுப்பட்டுமா என்று போன் போட்டார். மருமகன் என் முகத்தையே பார்த்தான். ரோடு இன்னும் சரியாகவில்லை என்று சொல்லிவிட்டேன். ரோடு கார்த்திகையிலேயே சரியாகிவிட்டது. இது தை மாதம். ஆம்ப் முன்னறையில்தான் இருக்கிறது, கம்பளி போர்த்தி வைத்திருக்கிறோம், காலை பத்து மணிக்கு மட்டும் எடுப்போம்.