அப்கிரேடுக்குப் பிறகு எஸ்எஸ்எச் மறுக்கிறதா? எந்த வழி எதற்கு உதவும்

சர்வரை அப்கிரேடு செய்தபின் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) உள்ளே விடவில்லை என்றால், பலரும் முதலில் அதே கட்டளையோடு மூன்று ‘வி’ (-vvv, நடப்பதை விரிவாகச் சொல் என்பது) சேர்த்து ஓட்டிப் பார்க்கிறார்கள். இன்னும் சிலர் நேராக சர்வரின் லாகை, அதாவது அது எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவைத் தேடிப் போகிறார்கள். வேறொரு போர்ட்டில் இரண்டாவது எஸ்எஸ்எச்டியை (சர்வர் பக்கம் இணைப்புகளை ஏற்கும் நிரலை) டிபக் முறையில் ஓட்டிப் பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் குறைவு. என் ஓட்டு பெரும்பாலும் லாகுக்குத்தான்.

மூன்று ‘வி’ போட்டால் நம் பக்கம் நடப்பது மட்டும் தெரியும். இரு பக்கத்தின் மறையாக்க அல்காரிதம் ஒத்துப்போகாமல் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டால் அதுவே போதும். எதிர்ப்பக்கம் எந்தெந்த வகைகளைத் தருகிறது என்று பட்டியலே வந்துவிடும். நம்மை அடையாளம் காட்டும் சாவியைக் கொடுத்த பிறகு மறுத்தால்தான் சிக்கல். அப்போது சர்வர் ‘பெர்மிஷன் டினைட்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அந்நியருக்குக் காரணம் சொல்லக்கூடாது என்பதற்காகவே அப்படி.

அந்தக் காரணம் லாகில் இருக்கும். சாவிக் கோப்பின் பர்மிஷன் சரியில்லை, கையொப்ப அல்காரிதம் அனுமதிப் பட்டியலில் இல்லை, பயனரின் ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) குறித்த பாதையில் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கும். கடைசியாகச் சொன்னது பலரை ஏமாற்றும். லாகின் ஷெல்லாக வைத்திருந்த இசட்ஷெல் (zsh) அப்கிரேடில் நீங்கிப் போயிருந்தால், எஸ்எஸ்எச்டி அந்தப் பயனரையே ஏற்காது. வெளியிலிருந்து பார்த்தால் பாஸ்வேர்டு தவறு என்பது போலவே தெரியும். ஆனால் லாகைப் பார்க்க கன்சோலோ (சர்வரின் நேரடித் திரை), ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு செஷனோ வேண்டும். அதனால் அப்கிரேடு ஓடும்போது பழைய செஷனை மூடாதீர்கள்.

டிபக் முறை இன்னும் விரிவாகப் பேசும், ஒரே ஒரு இணைப்பை ஏற்றுவிட்டு நின்றுவிடும். முழுப் பாதை கொடுத்து ஓட்ட வேண்டும், ஃபயர்வாலில் அந்தப் போர்ட் திறந்திருக்க வேண்டும். இன்னொரு தொல்லை: கையால் ஓட்டியது வேலை செய்யும், சர்வீஸாக ஓடுவது செய்யாது. உபுண்டு 22.10 முதல் எஸ்எஸ்எச் சிஸ்டம்டி (சர்வீஸ்களை நிர்வகிக்கும் நிரல்) சாக்கெட் வழியாக எழுகிறது, அதாவது போர்ட்டைக் கவனிப்பது சிஸ்டம்டிதான். அந்த வெளியீட்டில் எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கில் போர்ட்டை மாற்றினால் மட்டும் போதாது, சாக்கெட் அமைப்பிலும் மாற்ற வேண்டும். டிபக் முறையில் இது கண்ணில் படவே படாது.

காரணம் தெரிந்தபின் சரிசெய்வதிலும் போட்டி வழிகள் உண்டு. 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் (பரவலாக ஓடும் எஸ்எஸ்எச் மென்பொருள்) 8.8, எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய ஹாஷ் முறை சார்ந்த ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பு நிலையில் நிறுத்தியது. உடனே பலர் தங்கள் ஆர்எஸ்ஏ சாவிகளையே தூக்கிப்போட்டார்கள். தேவையே இல்லை. நின்றது சாவி அல்ல, கையொப்ப முறை மட்டும், 7.2-க்குப் பிந்தைய இரு பக்கமும் அதே சாவியை எஸ்ஹெச்ஏ-2 கையொப்பத்தோடு பயன்படுத்தும். எதிர்ப்பக்கம் அதைவிடப் பழையது, ஆனால் 6.5-ஐத் தாண்டியது என்றால் இடி25519 என்ற புதுவகைச் சாவி நல்ல தீர்வு. பழைய ரூட்டரின் ஹோஸ்ட் கீயே (தன்னை அடையாளம் காட்ட அது வைத்திருக்கும் சாவி) பழைய வகை என்றால் நம் புதுச் சாவி எதையும் மாற்றாது. அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும் கிளையன்ட் கான்ஃபிக்கில் பழைய அல்காரிதத்தைச் சேர்ப்பதுதான் வழி. எல்லா ஹோஸ்டுக்கும் திறந்துவிடுவது சோம்பேறித்தனம். டிஎஸ்ஏ வகைச் சாவி என்றால் இதுவும் உதவாது, 2025-இல் வந்த 10.0 அதை முற்றிலும் நீக்கிவிட்டது.

பழைய பதிப்புக்குத் திரும்புவது எனக்குப் பிடிக்காத வழி. 2024-இல் வந்த 9.8 ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது. பின்வாங்கினால் அது மறுபடி திறக்கலாம். அதே 9.8-இல் எஸ்எஸ்எச்டி இரண்டு பைனரிகளாகப் பிரிந்தது. அதனால் அப்கிரேடு முடிந்தும் பழைய டீமன் (பின்னணியில் ஓடும் எஸ்எஸ்எச்டி) நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் புது இணைப்புகள் முறியலாம். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது, டவுன்கிரேடு எதற்கு?

சரி, லாகின் ஆகி உடனே வெளியே தள்ளினால்? அது பெரும்பாலும் ஷெல்லின் தொடக்கக் கோப்புகளின் வேலை. எஸ்எஸ்எச் கட்டளையின் கடைசியில் தொடக்கக் கோப்புகளைப் படிக்காத சுத்தமான பாஷ் ஷெல் ஒன்றைக் கேட்கலாம் என்பார்கள். அந்தக் கட்டளையும் லாகின் ஷெல் வழியாகத்தான் போகிறது. லாகின் ஷெல் பாஷ் என்றால் அப்போதும் பாஷ்ஆர்சி என்ற தொடக்கக் கோப்பைப் படிக்கும், இசட்ஷெல் என்றால் எப்போதும் இசட்ஷென்வ் என்ற தன் கோப்பைப் படிக்கும். கோளாறு அங்கேயே இருந்தால் இந்த வழி நடக்காது. சர்வரில் எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியே கோப்புகளைக் கையாளும் முறை) எஸ்எஸ்எச்டிக்குள்ளேயே உள்ளமைந்த வகையாக இருந்தால் அது ஷெல்லைத் தொடாது. அதில் நுழைந்து பாஷ்ஆர்சியின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி லாகின் செய்யலாம். வெளிப் பைனரியாக இருந்தால் அதுவும் ஷெல் வழியேதான் வரும், கன்சோலுக்குப் போக வேண்டியதுதான்.