ஞாயிறு சந்தையில் மூன்று பிஸ்கட் டின்கள்

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் குடம் எல்லாம் தாண்டிப் போனால், பழைய கேமரா, பித்தளைத் தாழ்ப்பாள், நின்றுபோன கடிகாரம் என்று தார்ப்பாயில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு பாய் உட்கார்ந்திருப்பார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவர் ஸ்டூலுக்கு அடியில் மூன்று பிஸ்கட் டின்கள், உள்ளே பழைய படத் தபால் கார்டுகள். எட்டு மாதத்தில் பதினொரு தடவை கடலூரிலிருந்து பஸ் ஏறியிருக்கிறேன், அந்த டின்களுக்காக.

நான் மஞ்சக்குப்பத்தில் 32 வருஷம் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தேர்தல் போஸ்டர். அந்தப் பழக்கத்தில், கார்டு கைக்கு வந்ததும் முதலில் படத்தைப் பார்க்க மாட்டேன். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆஃப்செட்டில் அடித்த நகல் என்றால் படம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும்.

முதல் தடவை லென்ஸை மறந்து போயிருந்தேன். ரயிலடிப் பக்கத்து இருதய ஆண்டவர் கோயில் கார்டு ஒன்று, நல்ல பழுப்பு நிறம், மூலையெல்லாம் கொஞ்சம் தேய்ந்து அழகாக இருந்தது. 300 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு என்று நாலு கலர் புள்ளியும் வரிசை கட்டி நிற்கிறது. பழுப்பு என்று நான் ஏமாந்தது அந்த நாலும் சேர்ந்து செய்த வேலை. அதே மாதிரி வேலையை நானே எத்தனை காலண்டருக்குச் செய்திருப்பேன்! மறுவாரம் கொண்டுபோய் நீட்டினேன். பாய் அசரவில்லை. "இதுவும் பழசுதாண்ணே, இருபது வருஷம் இருக்கும்" என்றார். பணம் திரும்ப வரவில்லை. வேறொரு கார்டில் 150 கழித்துக்கொண்டார். சரி, அதோடு விட்டேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்துக் கார்டுகளில் பெரும்பாலானவை கண்ணாடித் தகட்டில் ஜெலட்டின் பூசி அச்சடித்தவை. ஜெலட்டின் காய்ந்து சுருங்கும்போது விழும் நெளிவுகளில்தான் மை பிடிக்கும். அதனால் லென்ஸில் புள்ளியே தெரியாது; புழு ஊர்ந்த தடம் மாதிரி நுண்ணிய நெளிவு தெரியும். லென்ஸ் இல்லாதவர்கள் ஒரு ஸ்கேலாவது எடுத்துப் போங்கள். பழைய பிரெஞ்சு கார்டு 9க்கு 14 சென்டிமீட்டர், இப்போது அடிக்கும் நகல்கள் பெரும்பாலும் 10க்கு 15. இன்னொரு வழி பாயின் கல்லாவிலேயே இருக்கிறது. கள்ளநோட்டு பார்க்க அவர் வைத்திருக்கும் ஊதா டார்ச்சை வாங்கிக் கார்டின் மேல் அடித்தால், புதுக் காகிதம் சலவைக்கு நீலம் போட்ட வேட்டி மாதிரி பளிச்சென்று எரியும். பழைய காகிதம் செத்த மாதிரி கிடக்கும். நான் அப்படிச் செய்ததைப் பார்த்த நாளிலிருந்து பாய் நகல்களைத் தனி டின்னுக்கு மாற்றிவிட்டார். மூன்றாவது டின் அதுதான். நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள்.

முதல் இரண்டு டின்களில் சரக்கு அசல். 'பூஸ் பூஸ்' வண்டி கார்டு அடிக்கடி கிடைக்கும். பிரெஞ்சில் 'தள்ளு தள்ளு' என்று அர்த்தம். முன்னால் தொப்பி போட்ட துரை திருப்புகிற கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருப்பார், பின்னால் நம் ஆள் வெறுங்காலோடு தள்ளுவார். எனக்கு அதைவிட கட்டடக் கார்டுகள்தான் பிடிக்கும். மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, இப்போது அதே சாயலில் மறுபடி எழும்பி நிற்கிறது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நின்று ஜன்னல் ஜன்னலாக ஒப்பிட்டுப் பார்த்தேன். வாக்கிங் போன ஒரு அம்மா, "ஏதாவது சர்வேயா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மிகவும் பிடித்தது பழைய இரும்புப் பாலத்தின் கார்டு. கடலுக்குள் நீண்டு போகும் பாலம், அதன் மேல் தண்டவாளம், ஓரத்தில் மூட்டைகள். 600 சொன்னார், 450க்குப் படிந்தது. 1952 புயலில் போன பாலம் அது. காந்தி சிலைக்கு எதிரே தண்ணீரில் கருப்பாக முளைத்து நிற்கும் கட்டைகள்தான் மிச்சம்.

இனி பாயைப் பற்றி ஒரு ரகசியம். அவர் படத்துக்கு விலை போடுகிறார், எழுத்துக்குப் போடுவதில்லை. எழுதாத, தபாலில் போகாத கார்டு 500. அதே படத்தில் யாரோ கிறுக்கி, தபால்தலை ஒட்டி, முத்திரை குத்திய கார்டு 200. அவர் கணக்கில் அது 'அழுக்கு'. நான் அழுக்கைத்தான் தேடி வாங்குகிறேன்.

பிரான்சில் 1903 வரை கார்டின் பின்பக்கம் விலாசத்துக்கு மட்டும்தான். சேதி எழுத வேண்டுமென்றால் படத்தைச் சுற்றி வெள்ளையாக இருக்கும் ஓரத்திலோ படத்தின் மேலேயோதான் இடுக்க வேண்டும். ஆகவே படத்தின் வானத்தில் எழுத்து ஊர்ந்திருந்தால் அது ரொம்பப் பழசாக இருக்கலாம். தபால்தலையைப் படத்தின் மேலேயே ஒட்டுவதும் பிரெஞ்சுக்காரர்களின் வழக்கம். முத்திரை அழிந்திருந்தாலும் தலையைப் பார்த்துக் காலம் சொல்லலாம்: பிரான்சின் சில்லறை நாணயமான சந்தீமில் விலை போட்டிருந்தால் 1923க்கு முந்தையது. அந்த வருஷத்திலிருந்து பிரெஞ்சு இந்தியத் தலைகளில் காசு, பணம் கணக்கு வந்துவிட்டது. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். எனக்குப் பிரெஞ்சு ஓடாது. சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் வரும் ஒரு சொல்தா பெரியவர், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்தான் படித்துச் சொல்வார். பெரும்பாலும் வெயில், காய்ச்சல், கப்பல் வரவில்லை என்ற புலம்பல்தான். "இப்ப மட்டும் என்ன வாழுது" என்று டீயை உறிஞ்சுவார்.

குறை இல்லாமல் இல்லை. விலையைக் கார்டின் முதுகிலேயே பால்பாயின்ட் பேனாவால் எழுதுகிறார். பென்சிலால் எழுதுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் தலையாட்டுகிறார். நல்ல கார்டு என்று அவரே நினைத்த சிலவற்றை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது, இனி பிரிக்க முடியாது. அவர் போட்டுத் தரும் பிவிசி உறையும் வேண்டாம், நாளானால் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடற்கரை ஊர்க்காரர்கள் உப்புக்காற்றுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் பயந்து, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

கடலூர் கார்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "கடலூரை எவன்ணே போட்டோ புடிச்சான்?" என்பது ஒவ்வொரு தடவையும் பதில். போன மாதம் இரண்டாவது டின்னின் அடியில் ஒரு சாதாரண தபால் கார்டு கிடந்தது. படம் எதுவும் இல்லை. ஐந்தாம் ஜார்ஜ் தலை, அரையணா. 1879-இல் கால் அணாவுக்கு வந்த கார்டு 1922-இல்தான் அரையணா ஆனது, எனவே அதற்குப் பிந்தையது என்று முத்திரையைப் படிக்கும் முன்பே தெரிந்தது. முத்திரையில் 1926, கடலூர். தமிழில் பொடி எழுத்து: புதுச்சேரியிலிருக்கும் யாரோ ஒரு மண்டிக்காரருக்கு, மணிலாக்கொட்டை மூட்டை வியாழக்கிழமை வண்டியில் வருகிறது, ஈரம் இல்லை, விலையைக் குறைக்க வேண்டாம் என்று.

எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் அந்த மணிலாக்கொட்டை, புதுச்சேரியில் கப்பல் ஏறி மார்சேய்க்குப் போன காலம் அது. வீட்டுக்கு வந்து பாலத்துக் கார்டை எடுத்து அந்த மூட்டைகளின் மேல் லென்ஸை வைத்தேன்.

"படம் இல்லாதது, அறுபது குடுங்கண்ணே" என்றிருந்தார் பாய். பேரம் பேசவில்லை.